மஞ்சள் பையில் போன கொழுப்பு

“14 மார்ச் 2019, வியாழன். பகல் 12.10. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த மாதிரி (சாம்பிள்): சிறுகுடலின் கடைசிப் பகுதி, பெருங்குடலின் தொடக்கத்தோடு. ஆண், வயது 34. நீளம் 38 செ.மீ. மிகச் சுத்தமாக இருக்கிறது. கொழுப்பு: இல்லை.”

இது என் சொந்த நோட்டில் உள்ள குறிப்பு. ஆய்வகத்துப் பதிவேடு வேறு; அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன் என்பதால் முப்பத்தொரு வருடமும் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். நோயாளியின் பெயரை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கும் சுதா போன மாதம் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க குப்பை லாரிய திருநெல்வேலி வரைக்கும் வெரட்டிட்டுப் போயி, ஆத்துப் பாலத்துல மறிச்சு நிறுத்துனியளாமே, நெசமா?”

லாரி இல்லை, வேன். திருநெல்வேலி இல்லை, எங்கள் ஊர் ஓரத்து முத்தையாபுரம். மறிக்கவும் இல்லை; அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. சில வருடங்களில் கதை ஐம்பது கிலோமீட்டர் வளர்ந்திருக்கிறது. இப்படியே விட்டால் மதுரை தாண்டிவிடும்.

“இல்ல அண்ணாச்சி, தியேட்டர்ல போர்டு வச்சிருக்காங்க. ‘குடலைக் கொழுப்போடு அனுப்பவும்’னு. ஏன்னு கேட்டா உங்க பேரச் சொல்லிச் சிரிக்காங்க. அதான் கேட்டேன்” என்றாள் சுதா.

சிரிக்கட்டும். ஆனால் சரியான தகவலோடு சிரிக்கட்டும்.

நான் 1991இல் வேலைக்குச் சேர்ந்தேன், 2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்புக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம், கை நடுங்காமல் செய்ய இன்னும் மூன்று வருடம். அந்த ஐந்து வருடத்தில் எல்லோரும் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம், கொழுப்பு என்பது தொல்லை. அதற்குள் மெழுகு சரியாக ஏறாது. சீவும்போது கிழியும். கத்தியில் வழுக்கும். புற்றுநோய்த் துண்டு என்றால் கொழுப்புக்குள் கைவிட்டு நெறிக்கட்டிகளைத் தேடி எடுப்போம். மற்றதற்கெல்லாம் கொழுப்பை நறுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்போம். இதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை, டாக்டர் கலைவாணி வரும்வரை.

அவர் எங்கள் பேத்தாலஜி டாக்டர், ஈரோட்டுக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை தவிர, அதைப் பிறகு சொல்கிறேன். காலையில் வந்ததும் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால்தான் துடைப்பார், எங்கள் துணியை நம்பமாட்டார். ஒரு கண்ணாடித் துண்டைப் பார்க்கத் தொடங்கினால் நாற்காலியின் கீழ் ஒரு செருப்பு கழன்று கிடக்கும். இரண்டு செருப்பும் கழன்று கிடந்தால் கடினமான கேஸ் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். தப்பு செய்தவனைத் திட்டமாட்டார். “ஒரு சின்ன சந்தேகமுங்க, தங்கராஜ்” என்று தொடங்குவார். அந்த நான்கு சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகில் வேர்க்கும். சந்தேகம் அவருக்கு இல்லை, நமக்கு வரவேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

2017இல் ஒரு நாள் தியேட்டரிலிருந்து ஒரு குடல் துண்டு வந்தது. உள்ளே இருந்த அசுத்தம் எதையும் அலசாமல் அப்படியே டப்பாவில் திணித்து அனுப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் ஆய்வகமே வெளியே ஓடியது. நான் கோபத்தோடு தியேட்டர் வாசலுக்குப் போய், அங்கே உதவியாளராக இருந்த செல்வமேரியைப் பார்த்து, “கறிக்கடையிலகூட குடலைச் சுத்தம் பண்ணித்தாம்மா குடுக்கான்!” என்று கத்திவிட்டு வந்தேன். அன்றிலிருந்து குடல் வந்தால் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளை வெளேரென்று, வாய் குறுகிய எங்கள் டப்பாவில் சிக்கலில்லாமல் வழுக்கி இறங்கும்படி வரும். “தியேட்டரைப் பார்த்துக் கத்துக்கிடுங்க” என்று மற்றப் பிரிவுகளிடம் நான் பெருமையடித்த நாட்கள் உண்டு. அவை என் நோட்டிலும் இருக்கின்றன.

அது ஏன் அவ்வளவு அழகாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்போது சிலுவை என்கிற அந்த 34 வயது நோயாளி. திரேஸ்புரத்துக்காரர், சங்கு குளிக்கிறவர். அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, ரத்தம் எடுக்க என் முன்னால் உட்கார்ந்தார். தோள் அகலம், ஆனால் சட்டை அதில் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. இரண்டு வருடமாக வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு. வேறோர் இடத்தில் குடல் காசநோய் என்று முடிவுசெய்து ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்பியது. இப்போது குடல் சுருங்கி அடைத்தே விட்டது.

“ஊசிக்குப் பயமாண்ணே?” என்று நான் கேட்டேன், அவர் கையைச் சுருக்கியதால்.

“ஊசிக்கு என்ன பயம்? பேருக்குத்தான் பயம்.”

“எந்தப் பேருக்கு?”

“டிபின்னு ஒரு பேரு வச்சிட்டாங்கல்லா, அதுக்கு. எங்க படகுல கம்ப்ரசர் காத்துக் குழா ஒண்ணுதான். நான் ஏறுனா அடுத்தவன் அத வாயில வச்சு எறங்கணும். இப்ப நான் வச்ச குழாய எவனும் தொட மாட்டேங்கான். என் மச்சினனே, ‘நீ கரையில இரு மாப்ள, சங்கக் கழுவிக் குடு’ங்கான். சங்கு கழுவுததுக்கா நான் பொறந்தேன்?” பிறகு, ஊசி ஏறும்போது சொன்னார்: “எங்கப்பா மூச்ச அடக்கிக் குளிச்சவரு. நான் குழாயில காத்து வாங்குதவன். ரெண்டு பேராலயும் வயித்த மட்டும் அடக்க முடியாதுண்ணே.”

குடலில் இருக்கும் காசநோய் குழாயில் ஒட்டாது என்று சொல்லிப் பார்த்தேன். “அத படகுல வந்து சொல்லுங்க” என்றார்.

முன்பு பார்த்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. குடல் காசநோயும் க்ரோன் நோய் என்கிற குடல் அழற்சியும் அச்சில் வார்த்தது போல ஒத்திருக்கும். இடம் ஒன்று, புண் ஒன்று, சுருக்கம் ஒன்று. ஆனால் மருந்து எதிரெதிர். க்ரோன் நோய்க்குக் கொடுப்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. உள்ளே காசநோய் ஒளிந்திருக்கும்போது அதைக் கொடுத்தால் நோய் கட்டவிழ்ந்து ஆளையே கொண்டுபோகும். காசநோய் இல்லாதவருக்கு மறுபடி காசநோய் மாத்திரையையே கொடுத்துக்கொண்டிருந்தால் மிச்சக் குடலும் துண்டு துண்டாகப் போகும். ஆகவே வெட்டி எடுத்த அந்த முப்பத்தெட்டு சென்டிமீட்டரில் எந்த நோய் என்று டாக்டர் கலைவாணி சொல்ல வேண்டும். சிலுவையின் உயிரும் தொழிலும் அதில்தான் இருந்தன.

வியாழன் 12.10க்கு டப்பா வந்தது. அளந்தேன், எழுதினேன். சுமார் 12.40க்கு டாக்டர் வந்து பலகையில் கிடந்ததைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

“ஒரு சின்ன சந்தேகமுங்க, தங்கராஜ். இந்த மனுசனுக்குக் கொழுப்பே இல்லீங்களா?”

“ரொம்ப ஒல்லியான ஆளு மேடம்.”

“அப்படீங்களா? எவ்வளவு ஒல்லியானவருக்கும் குடல் ஒரு சவ்வுல தொங்கிட்டுத்தானுங்களே இருக்கணும்? அந்தச் சவ்வு, அதிலிருக்கிற கொழுப்பு, அதுக்குள்ள இருக்கிற நெறிக்கட்டி, மூணும் எங்க போச்சுங்க?”

நின்றபடியே இரண்டு நிமிடத்தில் அவர் விளக்கியதை அன்று மாலை எழுதி வைத்தேன். காசநோய் என்றால் தயிர்க்கட்டி போலச் செத்துப்போன திசு சில நேரம் குடலில் இருக்காது, கொழுப்புக்குள் உள்ள நெறிக்கட்டியில் மட்டுமே இருக்கும். க்ரோன் என்றால் கொழுப்பு தன் இடத்தில் நிற்காது. ஆள் எவ்வளவு மெலிந்தாலும் நோயுள்ள குடல் பகுதியில் மட்டும் அது பெருகி, தொங்கும் பக்கத்திலிருந்து ஏறி, விரல் விரலாகக் குடலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நோய்க்கும் சாட்சி அந்தக் கொழுப்புதான். சாட்சி இல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது.

தியேட்டருக்கு ஓடினேன். செல்வமேரி கைகழுவிக்கொண்டிருந்தாள்.

“கொழுப்பு எங்கம்மா?”

“யாருக்கு அண்ணாச்சி?”

“அந்தக் குடல்ல இருந்த கொழுப்பு!”

“ஞாயித்துக்கிழம வீட்டுல ஆட்டுக்குடல் எடுத்தா எப்படிச் செய்வேனோ அப்படித்தான் அண்ணாச்சி செய்யுதேன். அலசி, கொழுப்ப உரிச்சு, சுத்தம் பண்ணி அனுப்புதேன். கேன்சருன்னா சர்ஜன் சாரே கையில புடிச்சுக் குடுப்பாரு, அதுல கை வைக்க மாட்டேன். மத்தது எல்லாம் இப்படித்தான். நீங்கதான கறிக்கடையப் பாத்துப் படிக்கச் சொன்னிய?”

நான் பக்கத்திலிருந்த குப்பைக் கூடைகளைத் திறந்து பார்த்தேன்.

“இப்ப அது எங்க?”

“எரிக்கப் போற கழிவுக்குள்ள மஞ்சப் பையில போட்டுக் கட்டியாச்சு. பை கீழ போயிட்டு.”

கீழே மருத்துவக் கழிவு வேன் வந்து பத்து நிமிடம் முன்புதான் கிளம்பியிருந்தது. அடுத்த நிறுத்தம் முத்தையாபுரத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். டாக்டர் கலைவாணி வேன்காரர்களின் அலுவலகத்துக்குப் போன் செய்யத் தொடங்கினார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். “எந்தப் பைன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, சிஸ்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு செல்வமேரி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளுக்கும் உப்பு லாரிகளுக்கும் நடுவே போனோம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. முத்தையாபுரம் சேரும்போது என் சட்டையில் இரண்டும் இருந்தன.

வேன் நின்றுகொண்டிருந்தது. கழிவு அறைச் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தாராம். டிரைவர் நிழலில் நின்று எங்களைப் பார்த்தார்.

“ஏத்துன சாமான இறக்க எனக்கு அதிகாரம் கெடையாது. ரெஜிஸ்டர்ல ஏறிட்டு. என்னத்தப் போட்டிய, தங்கச் சங்கிலியா?”

“இல்ல. கொழுப்பு” என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் முகம் மாறியது. “யாருக்கு அண்ணாச்சி கொழுப்பு? எனக்கா?”

“உங்களுக்கு இல்லண்ணே! ஒரு நோயாளிக்கு!” என்று செல்வமேரி குறுக்கே வந்தாள். “இவுகளுக்கும் கொஞ்சம் உண்டு. அதாலதான் இவ்வளவும்.”

டிரைவர் சிரித்துவிட்டார். அதற்குள் அவருடைய அலுவலகத்திலிருந்து போனும் வந்தது. பையை நாங்கள் தெருவில் பிரிக்கவில்லை. இதையும் சுதாவின் கூட்டத்தார் குறித்துக்கொள்ளட்டும். தியேட்டர் பையை அதன் சீட்டைப் பார்த்து அடையாளம் கண்டு, கட்டு அவிழாமல், ரெஜிஸ்டரில் திருப்பி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதே வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். முன்னால் நான் ஸ்கூட்டரில், பின்னால் செல்வமேரி டிரைவர் பக்கத்தில். நேரம் 2.05.

ஆய்வகத்தில் பையைத் திறந்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அன்று காலையில் ஒரு குடலிறக்க அறுவையும் நடந்திருந்தது. அதில் வெட்டிய கொழுப்பும் அதே பையில் கிடந்தது. மொத்தம் ஆறு துண்டுகள். எது யாருடையது?

நான் அளவுகோலை எடுத்தேன். செல்வமேரி கையுறையைப் போட்டுக்கொண்டு, “தள்ளுங்க அண்ணாச்சி” என்றாள். குடலைப் பலகையில் நேராகப் போட்டாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து வெட்டு விளிம்பைப் பார்த்து வைக்கத் தொடங்கினாள். “இது இங்கன இருந்தது. இது அங்கன. இது இந்த வளைவுல.” விளிம்புக்கு விளிம்பு பொருந்தியது. ஐந்தாவது துண்டை எடுத்ததும் நிறுத்தினாள்.

“இது மட்டும் சண்டித்தனம் பண்ணிட்டு டாக்டர். ஆட்டுக்குடல்னா பிடிச்சு இழுத்தா உரிஞ்சு வரும். மத்த நாலும் அப்படித்தான் வந்தது. இது வரல. அடியில இருந்து மேல ஏறி, வெரல் மாதிரி குடலச் சுத்திப் புடிச்சுக்கிட்டு இருந்தது. பிளேடு போட்டுத்தான் எடுத்தேன். வீட்டுல இப்படி ஒரு குடல நான் பாத்ததே இல்ல.”

டாக்டர் கலைவாணி பலகைக்கு மேல் குனிந்தார். பிறகு, “எந்த இடத்துலங்க?” என்று கேட்டார். செல்வமேரி காட்டினாள். அது சரியாகச் சுருக்கத்தின் மேல் இருந்தது. துண்டைப் பொருத்திப் பார்த்தால் குடலின் சுற்றளவில் பாதிக்கு மேல் கொழுப்பு மூடியிருந்தது. அதிகம் படித்த நாங்கள் இரண்டு பேரும் பார்க்காததை, கொழுப்பை உரித்துப் போட்ட அவள் கை பார்த்திருந்தது.

ஆறாவது துண்டு எங்கும் பொருந்தவில்லை. “அத விட்டுருங்க. உறுதியில்லாததை நான் கணக்குல எடுக்க மாட்டேன்” என்றார் டாக்டர்.

அடுத்த பத்து நாளும் அவருடைய இரண்டு செருப்பும் நாற்காலிக்கு அடியில்தான் கிடந்தன. கொழுப்பிலிருந்து பதினொரு நெறிக்கட்டிகளை எடுத்தோம். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, மெழுகில் பதித்து, சீவி, காசநோய்க் கிருமிக்கான சாயமும் ஏற்றினோம். கொழுப்புக்கு மெழுகு ஏற வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுத்தேன். இருபத்தெட்டு வருடமாக நான் அதற்குக் கொடுக்காத மரியாதை அது. எந்த நெறிக்கட்டியிலும் தயிர்க்கட்டித் திசு இல்லை, கிருமி இல்லை. குடல் சுவரின் எல்லா அடுக்குகளிலும் அழற்சி, கத்தி இறங்கியது போன்ற ஆழமான பிளவுகள். 25ஆம் தேதி திங்கட்கிழமை ரிப்போர்ட் போனது: க்ரோன் நோயை ஒத்திருக்கிறது, காசநோய்க்கான தடயம் இல்லை. அதற்குக் கீழே, ‘கொழுப்பு தனியாகப் பெறப்பட்டது, கழிவுப் பையிலிருந்து மீட்கப்பட்டது’ என்றும் எழுதினார். அது வேண்டாமே என்று நான் கெஞ்சினேன். “நடந்தது அதுதானுங்களே?” என்றார்.

அந்தக் கொழுப்பு ஏன் அப்படி ஏறுகிறது என்று நான் பிற்பாடு நிறையப் படித்தேன். டாக்டரும் தேநீர் நேரத்தில் படித்துச் சொல்வார். எனக்குப் புரிந்தவரை இதுதான்: குடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களில் சில, புண்பட்ட சுவர் வழியாக வெளியே கொழுப்புக்குள் போய்விடுகின்றன. அவை மேலும் பரவாமல் கொழுப்பு பெருகி அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். துறைமுகத்துக்கு வெளியே கல்லைக் கொட்டி அலையைத் தடுப்பது போல. ஆனால் அதே கொழுப்பு அழற்சியைத் தூண்டுகிறது, தழும்பை உண்டாக்கிக் குடலைச் சுருக்குகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. அது காவலாளியா கலகக்காரனா என்பது இன்னும் முடிவாகவில்லை. அறுவையின்போது அதையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்று இப்போது விவாதம் நடக்கிறது. எங்கள் ஐந்து துண்டுகளில் பாக்டீரியா இருந்ததா என்று சுதா கேட்டாள். தெரியாது. வேனில் சுற்றிவந்த பையிலிருந்து எடுத்ததைச் சோதித்து என்ன கண்டாலும் அது யாருடைய பாக்டீரியா என்று சொல்ல முடியாது.

சிலுவைக்குப் புது மருந்து தொடங்கினார்கள். முதல் சில மாதங்கள் எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. எங்காவது காசநோய் ஒளிந்திருந்தால் இந்த மருந்தில் அது வெளியே வந்துவிடும். வரவில்லை.

அக்டோபர் 10, வியாழன். ஆய்வகக் கதவைத் தட்டிக்கொண்டு சிலுவை வந்தார். சட்டை நிறைந்திருந்தது. கையில் லேமினேட் செய்த ஒரு தாள்.

“உங்க ரிப்போர்ட்டுதாண்ணே. படகுல எல்லாருக்கும் காட்டுனேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியல. டிபி தடயம் இல்லன்னு ஒரு வரி இருக்குல்லா, அத மட்டும் பேனாவால வட்டம் போட்டுட்டேன். என் மச்சினன் குழாய எடுத்து நாலு நிமிசம் பாத்தான். பொறவு வாயில வச்சான்.”

டாக்டர் கலைவாணி வெளியே வந்து அவரை நலம் விசாரித்தார். புறப்படும்போது சிலுவை கேட்டார்:

“டாக்டரம்மா, இனி நான் குளிக்கலாமா?”

“அட, தாராளமா குளிங்க! தினமுமே குளிக்கலாமுங்க” என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே.

சிலுவை இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, படி இறங்கிப் போனார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

“மேடம், எங்க ஊர்ல குளிக்கிறதுன்னா என்னன்னு தெரியுமா?”

“என்னங்க?”

“அவரு தொழில்ல குளிக்கிறதுன்னா கடலுக்கு அடியில எறங்குறது மேடம். சங்கு குளிக்கிறது.”

முன்பு சொன்னேனே, அவர் குரல் உயர்ந்த ஒரே தடவை, அது இதுதான். வெறுங்காலோடு வராந்தாவுக்கு ஓடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “சிலுவை! கடல்ல இல்லீங்க! பாத்ரூம்ல! பாத்ரூம்ல மட்டுமுங்க! சர்ஜனக் கேக்காம எறங்காதீங்க!” என்று கத்தினார். புறநோயாளிகள் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாசலுக்கருகில் சிலுவை நின்று திரும்பினார்.

“ஒரு தடவ சொன்னது சொன்னதுதான் டாக்டரம்மா!” என்றார். சிரித்தாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

சர்ஜன் எழுத்தில் அனுமதி கொடுத்தது அடுத்த ஜனவரியில். சிலுவை அன்றே படகு ஏறினார். அந்தச் சீட்டை நானே பார்த்தேன், அதில் ஐயமில்லை. ஐயம் அதற்கு முந்தைய ஒரு நாளைப் பற்றியது. அக்டோபர் 20, ஞாயிறு. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்த செல்வமேரி திரேஸ்புரம் கரையோரச் சாலையில் சிலுவையைப் பார்த்திருக்கிறாள். ஈரத் தலை, தோளில் துண்டு. “எங்க குளிச்சிட்டு வாரிய?” என்று கேட்டதற்கு, “டாக்டரம்மா சொன்ன எடத்துலதான்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே படகு இறக்குவதில்லை என்பது அவருக்குச் சாதகமான சாட்சி. கரையோரமாக முங்கிப் பார்க்கப் படகு வேண்டாம் என்பது எதிரான சாட்சி. தலை நனைந்திருந்தது வரைக்கும் உறுதி. அது குழாய்த் தண்ணீரா, கடல் தண்ணீரா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.